மிளகுக்குப் பால் வேண்டாம்

வேங்கிக்கால்
6.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சினேகா எழுதிக்கொள்வது. ஒரே ஊரில் இருந்துகொண்டு நாத்தனாருக்குக் கடிதம் எழுதுகிறாயே என்று உங்கள் தம்பி மாறன் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும் இரண்டு பேரும் கத்தினோம். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும், படபடப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதினால் கத்த முடியாது. அதனால் எழுதி மாறனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் ஸ்கேன் எடுக்கப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்குள் வந்து, என் பூனை மிளகைக் கட்டைப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனீர்கள். சாவி உங்களிடம் இருப்பது அவசரத்துக்கு. இது என்ன அவசரம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பூனை இருக்கக் கூடாது என்கிறீர்கள். டாக்டரிடமே கேட்டேன். பூனையின் மலத்திலிருந்து ஒரு கிருமி வர வாய்ப்பு உண்டு, அதனால் அது போகிற மணல் தட்டை நான் தொடக் கூடாது, வேறு ஆள் தினமும் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கறி நன்றாக வெந்திருக்க வேண்டும், கீரையை அலசிச் சமைக்க வேண்டும், ஏனென்றால் அதே கிருமி அரைவேக்காட்டுக் கறியிலும் மண் ஒட்டிய கீரையிலும் வரும். பூனையை விரட்டச் சொல்லி அவர் சொல்லவில்லை. தட்டை மாறன்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

அதைக்கூட நான் விட்டுவிடுவேன். மிளகுக்குக் கருப்பை ஆபரேஷன் செய்தபோது நீங்கள் சொன்னது இருக்கிறதே, அதை விட முடியவில்லை. "வாயில்லா ஜீவன் வயித்தை அறுத்துட்ட, அதான் உனக்குப் புள்ளை தள்ளிப்போவுது" என்றீர்கள். மூன்று வருஷம் அதை நினைத்துக்கொண்டே மாத்திரை விழுங்கியிருக்கிறேன்.

மிளகை அனுப்பிவையுங்கள். அதுவரை அவளுக்குப் பால் மட்டும் கொடுக்காதீர்கள்.

சினேகா


ரமணாசிரமம் பின் தெரு
9.10.2025

சினேகாவுக்கு சரசு எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நம் வீட்டில் வாடகைக்கு ரூம் எடுக்க வருகிறவர்களின் பேரும் ஊரும் எழுதுவதோடு சரி. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் வீட்டுக்காரரிடம், அதான் உங்கள் அண்ணனிடம், காட்டினேன். அவர் படித்துவிட்டு, "நியாயமாத்தான் எழுதியிருக்குது" என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போட.

பூனையைத் தூக்கி வந்தது சரியென்றுதான் இப்போதும் சொல்வேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ராஜாவுக்கு முன்னால் எனக்கு ஒன்று உண்டாகி நாலாம் மாதத்தில் போய்விட்டது. மாறனுக்குத் தெரியாது, அவன் அப்போது டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவன். எங்கள் வீட்டில் அப்போது ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. என் காலடியில்தான் படுக்கும். என் மாமியார், பூனை முடி வயிற்றுக்குள் போய்ப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டது என்றார். என்னைத் திட்டவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். அந்தப் பூனையை ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். ராஜா பிறக்கிற வரைக்கும் பூனை போன பக்கம்கூட நான் போனதில்லை. ராஜா பிறந்தான். அப்புறம் நான் எதை நம்புவேன், சொல்.

உனக்கு இத்தனை வருஷம் கழித்து நின்றிருக்கிறது. உன் கட்டிலில் அந்தப் பூனை சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும் கட்டைப்பையைத் தேடி எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். யோசித்துச் செய்தது இல்லை.

ஆபரேஷன் பற்றி நான் சொன்னதை மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். மறக்கவில்லை. அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

பூனை பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து வெளியே வரவில்லை. பாவமாக இருந்தது என்று பசும்பால் வைத்தேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்கப் பேதி. துவைத்து வந்த மெத்தை விரிப்பின் மேலேயே போய்விட்டது. பூனைக்குப் பால் ஆகாது என்றால் ஊரில் எல்லாப் பூனையும் என்ன குடிக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

சரசு


வேங்கிக்கால்
13.10.2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை மாறனிடம் படிக்கக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ என்னவோ. அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "அக்கா அப்போ ஒரு மாசம் எங்க வூட்டுலதான் இருந்துச்சு. உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க. நான் கேக்கவே இல்ல" என்றார்.

எனக்கும் தெரியாது அண்ணி. தெரிந்திருந்தால் முதல் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். பூனை வேண்டுமென்றுதான் அதிலும் எழுதியிருப்பேன், ஆனால் வேறு மாதிரி.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அந்தக் கிருமி எனக்கு எப்போதோ வந்து, எனக்கே தெரியாமல் போயிருக்கிறதாம். இப்போது புதிதாக இல்லை. குழந்தைக்குப் பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்களுக்கும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பால் விஷயம். குட்டியில் தாய்ப்பால் செரிக்கும், வளர்ந்த பிறகு பெரும்பாலான பூனைக்குப் பால் செரிப்பதில்லை. ஊர்ப் பூனைகள் குடித்துவிட்டு எங்கே போய்ப் பேதியாகின்றன என்று நாம் பார்ப்பதில்லை. தண்ணீர் வையுங்கள், போதும். உப்பும் காரமும் வெங்காயமும் போடாமல் வேக வைத்த மீன் என்றால் பீரோவை விட்டு வந்துவிடுவாள். முள்ளை எடுத்துவிடுங்கள்.

இப்போதாவது அனுப்புகிறீர்களா?

சினேகா


ரமணாசிரமம் பின் தெரு
25.11.2025

அன்புள்ள சினேகாவுக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. தீபம் நெருங்குகிறது, ரூமெல்லாம் நிறைந்துவிட்டது, விரிப்பு மாற்றியே என் இடுப்பு போய்விட்டது. மாறன் வாரா வாரம் வந்து பூனையைப் பார்த்துவிட்டுப் போகிறான், உனக்குச் சேதி வந்துகொண்டுதான் இருக்கும்.

உன் டாக்டர் சொன்னதை நான் நம்பாமல் இல்லை. ஆனாலும் பிள்ளை கைக்கு வரட்டும். அதற்கப்புறம் நானே கொண்டுவந்து விடுகிறேன். இது நான் கேட்கிற ஒரு உதவி என்று வைத்துக்கொள்.

மிளகு நன்றாகத்தான் இருக்கிறாள். இப்போதெல்லாம் நான் மாடியில் துணி காயப் போடும்போது பின்னாலேயே வந்து தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டு, இவளும் தியானம் செய்கிறாள் என்கிறார்கள். அவள் பார்ப்பது அணிலை. உங்கள் அண்ணன் சாப்பிடும்போது தொடையில் கை வைக்கிறாள். அவர் மீன் தலையை அவளுக்கு ஒதுக்கிவைக்கிறார். எனக்கு இத்தனை வருஷத்தில் அவர் எதையும் ஒதுக்கிவைத்ததில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு நாளாக மூக்கு காய்ந்து கிடக்கிறது. காதைத் தொட்டால் சுடுகிறது. சாப்பாடும் கொஞ்சம் கம்மி. காய்ச்சலாக இருக்குமோ? உன்னிடம் இருந்தபோது இப்படி வந்தால் என்ன செய்வாய்?

சரசு


வேங்கிக்கால்
28.11.2025

அன்புள்ள அண்ணி,

மாறன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். பிள்ளை பிறக்கும் வரை அவள் உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை.

மூக்கு காய்ந்து உடம்பும் சுட்டால் காய்ச்சல்தான். பயப்படாதீர்கள். நாம் போடுகிற பாராசிட்டமால் மாத்திரையில் கால்வாசி பொடித்து மீனில் கலந்து கொடுங்கள். போளூரில் எங்கள் வீட்டு நாய்க்கு அம்மா அப்படித்தான் கொடுப்பாள். நாளை மறுநாள் தேர், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. தீபம் முடிந்ததும் காட்டிக்கொள்ளலாம்.

சினேகா


ரமணாசிரமம் பின் தெரு
2.12.2025

அன்புள்ள சினேகாவுக்கு,

முதலிலேயே எழுதிவிடுகிறேன், மிளகு உயிரோடு இருக்கிறாள். டாக்டர் பிழைத்துக்கொள்வாள் என்று சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன். மாறனையும் உன்னிடம் வாய் திறக்காதே என்று சொல்லிவைத்திருந்தேன். நீ படுத்துக்கொண்டு படி.

இரண்டு நாள் பார்த்துவிட்டு, தேர் அன்று காலையில் மாத்திரை கொடுத்தேன். மத்தியானத்துக்குள் முகம் வீங்கிவிட்டது. கண் இடுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. ஈறு செங்கல்லைக் கரைத்த மாதிரி பழுப்பாக இருந்தது. உங்கள் அண்ணன் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். நான் அவளைத் துணிக்கூடையில் வைத்து ஆட்டோ பிடித்தேன். நம் வீட்டுக்கு ரூம் கேட்டு வருகிற ஒரு அம்மா, அவலூர்பேட்டை சாலையில் அருண்பிரசாத் என்று ஒரு டாக்டர் இருக்கிறார், தேர் அன்றும் திறந்திருப்பார் என்று சொல்லியிருந்தார்.

ஆட்டோ பாதி வழிகூடப் போகவில்லை. தடுப்பு போட்டிருந்தார்கள். "இதுக்கு மேல போவாதும்மா" என்று இறக்கிவிட்டுவிட்டான். கூட்டத்துக்குள் நடந்தேன். கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன். ஒரு சந்து முனையில் போலீஸ்காரப் பெண் மறித்தாள்.

"தேர் நெலைக்கு வரல, இந்தப் பக்கம் வுட முடியாதும்மா."

நான் கூடைத் துணியை விலக்கிக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். "எங்க போவணும்?" என்றாள். சொன்னேன். தடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, "ஓரமாவே போங்க, யார்னா கேட்டா நான் வுட்டேன்னு சொல்லுங்க" என்றாள். பெயரைக் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

டாக்டர் பார்த்ததும், "என்ன குடுத்தீங்க?" என்றார்.

"காய்ச்சல் மாத்திரை. கால்தான் குடுத்தேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "பாராசிட்டமால் பூனைக்கு வெஷம்மா. கால் மாத்திரையே ஜாஸ்தி. நாய்க்கும் நாமளா குடுக்கக் கூடாது, ஆனா நாய் சில சமயம் தாங்கிக்கும். பூனை ஈரலுக்கு அதை உடைச்சு வெளிய தள்ளத் தெரியாது. ரத்தம் காத்தைச் சுமக்காமப் போயிடும்" என்றார். பேசிக்கொண்டே ஊசி போட்டு, மூச்சுக்குக் குழாய் வைத்து, கையில் முடியை மழித்து மருந்து ஏற்றினார். உடனே தூக்கிக்கொண்டு வந்ததால்தான் ஆனது, மறுநாள் வரை வைத்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அவளுக்குக் காய்ச்சலே இல்லையாம். மூக்கு ஈரமா காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாதாம், வெயிலில் படுத்து எழுந்தாலே காயுமாம். பூனையின் உடம்பு நம் உடம்பைவிட எப்போதுமே சூடு. பின்பக்கம் தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். சாப்பிடாததற்குக் காரணம், கடைவாய்ப் பல்லில் ஒரு முள் குத்தியிருந்தது. ஒதுக்கிவைத்த மீன் தலையின் முள். சொன்னபோது உங்கள் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு நாளும் அங்கேதான் இருந்தேன். இன்று காலையில் நான் கூப்பிட்டதும் காதைத் திருப்பினாள். மாறன் வந்து என்னைக் கண்டபடி பேசினான். "தெரியாத மருந்தை ஏன் குடுத்த, உன்கிட்ட வுட்டதே தப்பு" என்றான். பேசட்டும். கொடுத்தது என் கைதான்.

நீ மனதை அலட்டிக்கொள்ளாதே.

சரசு


வேங்கிக்கால்
4.12.2025

அண்ணி,

நீங்கள் உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட என் பேரை எழுதவில்லை. கால் மாத்திரை என்று எழுதிக் கொடுத்தது நான். டாக்டரிடமும் சொல்லவில்லை. உங்கள் தம்பி அத்தனை பேர் முன்னால் திட்டும்போதும் சொல்லவில்லை.

நேற்று தீபம் ஏற்றிய பிறகு, மொட்டை மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே வந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார் மாறன். அப்போது சொல்லிவிட்டேன். "அக்காவா குடுக்கல. நான்தான் குடுக்கச் சொல்லி எழுதினேன்" என்றேன். கரண்டியை வைத்துவிட்டார். "நீயா" என்று மட்டும் கேட்டார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். உங்களிடம்தான் வந்திருப்பார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன், அது நம்பிக்கை, இது தப்பு, டாக்டர் இப்படிச் சொன்னார் என்று. மூக்கு காய்ந்தால் காய்ச்சல் என்பதை எந்த டாக்டர் எனக்குச் சொன்னார்? யாரும் சொல்லவில்லை. சின்ன வயதில் காதில் விழுந்தது. அதைச் சரிபார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பூனை முடி பற்றி உங்கள் மாமியார் சொன்னதை நீங்கள் நம்பிய மாதிரிதான் நானும் நம்பியிருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடுங்கள். மிளகைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நீங்கள் நடந்ததை நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன். நடக்க முடிந்தால் இப்போதே வந்திருப்பேன்.

சினேகா


ரமணாசிரமம் பின் தெரு
19.12.2025

என் அன்பு சினேகாவுக்கு,

மன்னிப்பு எல்லாம் எழுதாதே. உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரியாத இரண்டு பேர் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பாடாய்ப் படுத்திவிட்டோம். அவள் நேற்று அணிலைத் துரத்திக்கொண்டு மாடிச் சுவரில் ஓடினாள். நமக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

மாறன் அன்று வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வாடா என்றேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ராஜாவுக்கு முந்தினதைப் பற்றிக் கேட்டான். இத்தனை காலத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பேசிக்கொண்டிருந்தோம். போதும், அது நன்றாக இருந்தது.

நேற்று மிளகுக்கு மறுபடி இரத்தம் பார்க்கப் போனேன். யாருமில்லாத நேரமாகப் பார்த்து டாக்டரிடம் கேட்டுவிட்டேன். "சார், பூனை முடி உள்ள போயி, வயித்துல இருக்கிற புள்ளையைச் சுத்திக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. "நான் மாட்டு டாக்டரும்மா, புள்ளை விஷயம் பொம்பள டாக்டரைக் கேளுங்க" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முடியை முழுங்கினா அது இரைப்பைக்குப் போவும், வெளிய வந்துடும். புள்ளை இருக்கிறது வேற பை. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு வழியே கெடையாது. யாருக்குப் போச்சும்மா, உங்களுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அது அந்தப் பூனையால இல்ல. உங்களாலயும் இல்ல" என்றார்.

வீட்டுக்கு ஆட்டோவில் வரவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தேன். அந்த வெள்ளைப் பூனையை நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷன் பற்றியும் கேட்டேன். செய்தது நல்லது என்றார். செய்யாமல் விட்டால் வயதானபோது கருப்பையில் சீழ் பிடிக்கும், மடியில் கட்டி வரும், ஒரு தடவை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதெல்லாம் சும்மா பேச்சு என்றார். நான் உன்னிடம் சொன்னது பெரிய தப்பு சினேகா. என் வயிற்றில் கிடந்த பயத்தை எடுத்து உன் வயிற்றில் வைத்துவிட்டேன். நேரில் சொல்லத் தைரியம் வராது, அதனால் இங்கே எழுதிவிட்டேன். வளைகாப்புக்கு வரும்போது இதைப் பற்றிப் பேச்செடுக்காதே.

சரசு


போளூர்
1.3.2026

அன்புள்ள அண்ணி,

நீங்கள் வளைகாப்பில் போட்டுவிட்ட கண்ணாடி வளையலில் இரண்டு இன்னும் உடையாமல் இருக்கிறது. உங்கள் மருமகள் அதைப் பிடித்து இழுக்கிறாள். நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கண்ணே திறக்காமல் இருந்தாள். இப்போது பார்த்தால் முழிக்கிற முழி மாறனேதான். மதிவதனி என்ற பெயர் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அம்மா மட்டும் நீளமாக இருக்கிறது என்கிறாள்.

எனக்கு இப்போது நஞ்சுக்கொடியும் இல்லை, படுக்கையும் இல்லை. கத்தலாம், போன் செய்யலாம். ஆனாலும் சில விஷயம் உங்களிடம் எழுதத்தான் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மிளகை வேங்கிக்காலுக்குக் கொண்டுபோக மாறன் வந்தாரே, வெறுங்கையோடு திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். அப்புறம் சொன்னார். நீங்கள் அவள் தட்டு, மணல், மருந்து எல்லாம் கட்டி வாசலில் எடுத்து வைத்திருந்தீர்களாம். தலையைத் துவட்டிக்கொண்டே பேசினீர்களாம், துவட்ட முடியில் ஈரமே இல்லையாம். அண்ணன் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லையாம். மிளகு கூடைக்குள் போகாமல் உங்கள் புடவைக்குள் புகுந்துகொண்டாளாம். "இன்னொரு நாள் வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இன்னொரு நாள் வர வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன் அண்ணி. மிளகு உங்களோடு இருக்கட்டும். விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் தேடிப் போய் ஒளிகிற இடம் இப்போது உங்கள் மடி. அவளை எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் வேங்கிக்கால் வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவோம். பூனை தொட்டிலில் ஏறிக் குழந்தையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்று பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் சொல்கிறார். அது கதை என்று எனக்குப் படுகிறது. ஆனால் இந்தத் தடவை நானாக முடிவு செய்யவில்லை. டாக்டரைக் கேட்டு எழுதுங்கள்.

சினேகா


ரமணாசிரமம் பின் தெரு
5.3.2026

என் அன்பு சினேகாவுக்கு,

மாறன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் ஓடிவிட்டான். நான் படிப்பதைப் பார்க்கக் கூச்சம் அவனுக்கு.

மிளகு இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். சரி. உங்கள் அண்ணனிடம் சொன்னேன். கட்டி வைத்திருந்த மூட்டையை அவரே அவிழ்த்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தார். மீனில் முள் எடுப்பதும் இப்போது அவர் வேலை. கண்ணாடி போட்டுக்கொண்டு எடுக்கிறார்.

டாக்டரைக் கேட்டேன். மூச்சை உறிஞ்சுவது பொய்யாம். ஆனால் கதகதப்பான இடம் என்று பூனை குழந்தையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளுமாம், பச்சைக் குழந்தைக்கு முகத்தைத் திருப்பத் தெரியாது, அதனால் இரண்டையும் தனியாக விடக் கூடாது, பக்கத்தில் ஒரு ஆள் கண்ணை மூடாமல் இருக்க வேண்டும் என்றார்.

நீ வா. உனக்குத் தூக்கம் பாக்கி இருக்கும், வந்து கீழ் ரூமில் நன்றாகத் தூங்கு. மாடி ரூமில் பெரிய கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். சுவர்ப் பக்கம் மதிவதனி. இந்தப் பக்கம் ஜன்னலோரம் மிளகு. நடுவில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

சரசு